கேங்டாக் – நாதுலா ஒரு நாள் பயணம்: அனுமதிச் சீட்டு குறிக்கும் எல்லை ஏன் முக்கியம்?

கேங்டாக்: சிக்கிம் தலைநகர் கேங்டாக்கில் தங்கும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலானோரின் திட்டத்தில் தவறாமல் இடம்பெறுவது, சோம்கோ ஏரி, நாதுலா கணவாய் ஆகியவற்றுக்கான ஒரு நாள் மலைப் பயணம். காலையில் புறப்பட்டு மாலையில் விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்பதாலும், குடும்பத்தினருக்கு மட்டுமான தனி வாடகைக் காரில் செல்லலாம் என்பதாலும் இது எளிதான பயணமாகவே கருதப்படுகிறது.

ஆனால், இது சர்வதேச எல்லையை நோக்கிச் செல்லும் பாதை. பனிச்சரிவு அபாயம் உள்ள மலைச்சரிவுகளைக் கடந்து, சில மணி நேரத்திற்குள் 14,000 அடிக்கு மேல் ஏறும் பாதையும்கூட. எனவே, இங்கு அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் வெறும் சடங்குகள் அல்ல. அவை எதற்காக உள்ளன, தனிப் பயணம் என்பதில் பயணிக்கு எந்த அளவு சுதந்திரம் உண்டு, எந்த இடத்தில் அது முடிகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

2023 உணர்த்திய பாடம்

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி நண்பகல் வேளையில், கேங்டாக்கையும் நாதுலாவையும் இணைக்கும் ஜவாஹர்லால் நேரு சாலையில் பெரும் பனிச்சரிவு ஏற்பட்டது. இதில் சிக்கி 7 சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். ராணுவத்தினர், எல்லைச் சாலைகள் அமைப்பினர், காவல் துறையினர் ஆகியோர் மீட்புப் பணியில் ஈடுபட்டு, பனியில் புதைந்தவர்களை வெளியே எடுத்தனர். சாலை அடைபட்டதால் மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகள் பின்னர் பாதுகாப்பாகக் கீழே கொண்டுவரப்பட்டனர்.

இச்சாலையில் உள்ள இடங்கள் கேங்டாக்கிலிருந்து அவை இருக்கும் மைல் தூரத்தைக் கொண்டே அழைக்கப்படுகின்றன. சோதனைச் சாவடி 3-ஆவது மைலில் உள்ளது. விபத்து நேர்ந்த நாளில் 13-ஆவது மைல் வரை மட்டுமே அனுமதி வழங்கப்பட்டிருந்தது என்றும், அதைத் தாண்டி 15-ஆவது மைல் பகுதிக்குப் பயணிகள் சென்றனர் என்றும் சோதனைச் சாவடி அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு காரில் சில நிமிடங்கள்தான்.

அனுமதிச் சீட்டில் குறிப்பிடப்படும் இடம், அன்றைய வானிலையையும் சாலையின் நிலையையும் கருத்தில் கொண்டு முடிவு செய்யப்படுகிறது என்பதை இச்சம்பவம் தெளிவாக உணர்த்தியது. வானம் தெளிவாக இருப்பதும், எதிரே பனி அழகாகத் தெரிவதும் மலைச்சரிவு உறுதியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. புதிதாகப் பெய்த பனி, வெயில் ஏறும் நேரத்தில் சரியத் தொடங்கலாம். சாலையோரத்தில் நின்று விளையாடுபவர்களுக்கு அதை முன்கூட்டியே அறிய வழியில்லை.

அனுமதி எதற்காக?

நாதுலா இந்தியா – சீனா எல்லையில் அமைந்துள்ள கணவாய். திபெத்தின் லாசாவுடன் வணிகம் நடைபெற்ற பழைய வழித்தடங்களில் இதுவும் ஒன்று. 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இவ்வழியாக நடைபெற்ற வணிகம் நின்றுபோனது. 1967 செப்டம்பரில் இங்கு இந்திய, சீனப் படைகளுக்கு இடையே கடும் மோதல் நிகழ்ந்தது. 44 ஆண்டுகளுக்குப் பின், 2006 ஜூலை 6-ஆம் தேதி எல்லை வணிகத்திற்காகக் கணவாய் மீண்டும் திறக்கப்பட்டது. கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கான பாதையாக 2015-ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தப்பட்டு, இடையில் தடைபட்ட யாத்திரை 2025-ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியது.

இத்தகைய எல்லைப் பகுதி என்பதால், பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதியின்றி யாரும் செல்ல முடியாது. இந்தியக் குடிமக்கள் மட்டுமே நாதுலா வரை செல்லலாம். வெளிநாட்டினருக்கு அங்கு அனுமதி இல்லை. உரிய அனுமதியுடன், குழுவாகவும் வழிகாட்டியுடனும் அவர்கள் சோம்கோ ஏரி வரை செல்லலாம்.

சுற்றுலாப் பயணிகளுக்கு நாதுலா பொதுவாகப் புதன்கிழமை முதல் ஞாயிற்றுக்கிழமை வரை திறந்திருக்கும். திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் அனுமதி இல்லை. எனவே, விமான அல்லது ரயில் பயணச்சீட்டை முன்பதிவு செய்யும்போதே கிழமையைக் கணக்கில் கொள்வது நல்லது.

அனுமதி பெறும் முறை

பயணி நேரடியாகச் சொந்த வாகனத்தை ஓட்டிச் சென்று அனுமதி பெறும் வழக்கம் இங்கு இல்லை. பதிவு பெற்ற பயண முகவர் மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும். சிக்கிம் பதிவெண் கொண்ட வாடகை வாகனத்திலேயே செல்ல வேண்டும். பயணிகளின் பெயர்கள், செல்லும் நாள், வாகனம் ஆகியவை அனுமதியில் இடம்பெறும். நாளொன்றுக்கு அனுமதிக்கப்படும் வாகனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உள்ளதால், விடுமுறைக் காலங்களில் முன்னதாகவே விண்ணப்பிப்பது பயனளிக்கும்.

குறைந்தது முந்தைய நாளிலேயே புகைப்படங்களையும் அடையாள ஆவண நகலையும் முகவரிடம் அளிக்க வேண்டும். வாக்காளர் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவை வழக்கமாகக் கேட்கப்படுகின்றன. பான் அட்டை ஏற்கப்படுவதில்லை. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகலை வைத்திருப்பது நல்லது. மூல ஆவணங்களையும் பயணத்தின்போது உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

சோம்கோ ஏரிக்கான அனுமதியும் நாதுலாவுக்கான அனுமதியும் வெவ்வேறு. ஏரிக்கு அனுமதி கிடைத்துவிட்டாலே கணவாய் வரை செல்லலாம் எனப் பலர் தவறாக எண்ணுகின்றனர். இதனால் வழியில் ஏமாற்றமும் ஓட்டுநருடன் வாக்குவாதமும் ஏற்படுகின்றன. எந்த இடம் வரை அனுமதி பெறப்பட்டுள்ளது என்பதை முன்தினம் மாலையிலேயே முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தனிப் பயணத்தில் கிடைப்பதும் கிடைக்காததும்

பகிர்வு வாகனத்தில் பிற பயணிகளின் வசதிக்கேற்பவே நேரம் அமையும். தனி வாகனத்தில் புறப்படும் நேரத்தை நாமே முடிவு செய்யலாம். முதியோருக்காகவும் குழந்தைகளுக்காகவும் அடிக்கடி நிறுத்தலாம். யாருக்கேனும் உடல்நிலை சரியில்லை என்றால், மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் உடனே கீழே இறங்கலாம். கூடுதல் கட்டணத்திற்குக் கிடைக்கும் உண்மையான பயன் இதுவே.

அதே வேளையில், தனி வாகனத்திற்கென ஓர் ஆபத்தும் உண்டு. காரில் இருப்பவர்கள் அனைவரும் ஒரே குடும்பத்தினர். அவர்கள் ஒருமித்து, ‘இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம்’ என்று கேட்கும்போது, மறுக்க வேண்டிய பொறுப்பு ஓட்டுநர் ஒருவர்மீதே விழுகிறது. அன்றைய வருமானமும் வாடிக்கையாளரின் மனநிறைவும் அவருக்கு முக்கியம். அவரை அந்த நெருக்கடிக்கு உள்ளாக்காமல் இருப்பது பயணிகளின் கடமை. சாலையை நாள்தோறும் பார்ப்பவர் ‘திரும்பிவிடலாம்’ என்று சொன்னால், அதைச் சேவைக் குறைபாடாகக் கருதக் கூடாது.

வாகன வாடகை, அனுமதிக் கட்டணம், நாதுலாவுக்கான கூடுதல் தொகை, வழிகாட்டிக்கான ஊதியம் ஆகியவை தனித்தனியே எவ்வளவு என்பதை எழுத்துபூர்வமாகப் பெறுவது நல்லது. சாலை மூடப்பட்டால் எவ்வளவு தொகை திருப்பித் தரப்படும் என்பதையும் முன்பணம் செலுத்துவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் வீணாகிவிடுமே என்ற எண்ணமே பலரை அபாயகரமான முடிவுக்குத் தள்ளுகிறது.

3 மணி நேரத்தில் ஏறும் உயரம்

கேங்டாக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவில் உள்ள சோம்கோ ஏரியின் உயரம் 3,753 மீட்டர். ஏறக்குறைய 55 கி.மீ. தொலைவில் உள்ள நாதுலாவின் உயரம் 4,310 மீட்டர். அதாவது, காலையில் சுமார் 3 மணி நேரத்தில் பயணி ஏறும் உயரம் மட்டும் 2,660 மீட்டர். தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் மொத்த உயரமே 2,637 மீட்டர்தான். உதகைக்குச் சென்று வந்த அனுபவத்தைக் கொண்டு நாதுலாவை மதிப்பிட முடியாது என்பதற்கு இந்த ஒப்பீடே போதும்.

நாதுலாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம் மட்டுமே. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைகிறது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் தோன்றக்கூடும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், அசாதாரணச் சோர்வு ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். இவை பெரும்பாலும் மேலே சென்ற பல மணி நேரத்திற்குப் பிறகே வெளிப்படும். ஒரு நாள் பயணத்தில் அதற்குள் பலர் கீழே இறங்கிவிடுவதால் கடும் பாதிப்பு ஏற்படுவது குறைவு.

ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குதல், தடுமாறிய நடை, குழப்பமான பேச்சு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றில் எது தென்பட்டாலும் உடனே கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை. கடைகளில் விற்கப்படும் சிறிய ஆக்சிஜன் குப்பிகள் சில நிமிடங்களுக்கு மட்டுமே பயன்படும். அவற்றை நம்பி மேலே தங்கியிருப்பது தவறு.

இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தையுடன் செல்வோரும் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே இப்பயணத்தைத் திட்டமிட வேண்டும். உயர நோயைத் தடுக்கும் மாத்திரைகளையும் மருத்துவர் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது. கேங்டாக் வந்தடைந்த மறுநாளே மேலே செல்லாமல், ஓரிரு இரவுகள் அங்குத் தங்கிய பின் செல்வது உடலுக்கு உதவும். வாகன நிறுத்துமிடத்திலிருந்து எல்லைப் பகுதிக்குப் படிகளில் ஏற வேண்டியிருப்பதால், ஓடுவதையும் விரைந்து ஏறுவதையும் தவிர்க்க வேண்டும்.

உயரம் கூடக்கூட வெப்பநிலை ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கேங்டாக்கில் 18 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் நாதுலாவில் ஏறக்குறைய உறைநிலைக் குளிர் இருக்கலாம். காற்று வீசினால் குளிர் இன்னும் கடுமையாக இருக்கும். கையுறை, காதுகளை மூடும் தொப்பி, நீர் புகாத காலணி ஆகியவை கட்டாயம் தேவை.

வழியில் காண வேண்டியவை

சோம்கோ ஏரி உள்ளூர் மக்களால் சாங்கு ஏரி என்றும் அழைக்கப்படுகிறது. இது அவர்களுக்குப் புனித நீர்நிலை. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். உறைந்த பரப்பின்மீது நடப்பது உயிருக்கு ஆபத்தானது. 15-ஆவது மைல் பகுதியில் உள்ள கியோங்னோஸ்லா வனவிலங்குச் சரணாலயம் ரோடோடென்ட்ரான் மலர்களுக்குப் பெயர் பெற்றது. 1968-ஆம் ஆண்டு இப்பகுதியில் பணியின்போது உயிரிழந்த ராணுவ வீரர் ஹர்பஜன் சிங்கின் நினைவாக அமைந்த பாபா மந்திரும் பலர் செல்லும் இடம். அவர் இன்றும் எல்லையைக் காத்து நிற்பதாக வீரர்கள் பலர் நம்புகின்றனர்.

எல்லைப் பகுதியில் புகைப்படம் எடுப்பது குறித்து ராணுவத்தினர் கூறும் அறிவுரைகளை மீறக் கூடாது. சிக்கிமில் 2022 ஜனவரி முதல் நெகிழிப் புட்டிகளில் அடைத்த குடிநீருக்குத் தடை உள்ளது. சுற்றுலா வாகனங்களில் குப்பைப் பை வைத்திருப்பதும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வீட்டிலிருந்தே தண்ணீர்க் குடுவை எடுத்துச் செல்வது சிறந்தது.

சாலை மூடப்பட்டால்...

அக்டோபர், நவம்பர் மாதங்களும் ஏப்ரல், மே மாதங்களும் இப்பயணத்திற்கு ஏற்றவை. ஆனால், 2023 விபத்து ஏப்ரலில்தான் நேர்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையின்போது நிலச்சரிவால் சாலை அடைபடுவது வழக்கம். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிப்பொழிவால் அனுமதி பாதியிலேயே நிறுத்தப்படலாம்.

எனவே, பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை. புதன்கிழமை செல்ல முடியாவிட்டால் வியாழக்கிழமை முயலலாம். அதற்கும் வழியில்லை என்றால், தாஷி காட்சிமுனையிலிருந்து 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவைக் காணலாம். எதிர் மலையில் உள்ள ரும்டெக் பௌத்த மடாலயத்திற்கும் சென்று வரலாம். இவற்றுக்கு நாதுலாவைப் போன்ற எல்லைப் பகுதி அனுமதி தேவையில்லை.

அனுமதி 13-ஆவது மைல் வரை என்றால், அன்றைய பயணத்தின் இறுதி இடமும் அதுவே. முகவரிடம் பணம் செலுத்தும்போதே குடும்பத்தினர் அனைவரும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டால், மலையில் ஓட்டுநரிடம் வாதாட வேண்டிய தேவை எழாது. கணவாய் அடுத்த பருவத்திலும் அங்கேயே இருக்கும்.