சென்னையைவிட அருகில் ஆச்சே: அந்தமான் வளாக மாணவர்களுக்கான பன்னாட்டுப் பரிமாற்ற வாய்ப்புகள் என்னென்ன?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சென்னை வான்வழியில் ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயும் தாய்லாந்தின் புக்கெட்டும் ஏறத்தாழ அதில் பாதித் தொலைவிலேயே அமைந்துள்ளன. பெரிய நிக்கோபாரின் தென்முனையிலிருந்து இந்தோனேசியாவின் வடகோடித் தீவு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் மட்டுமே. ஆயினும், இத்தீவுகளில் பயிலும் மாணவர் ஒருவர் அந்த அண்டை நகரங்களில் ஒரு பருவம் படித்துவிட்டுத் திரும்புவது இன்றளவும் எளிதான செயல் அன்று. அங்கிருந்து ஒரு மாணவர் இங்கு வந்து பயில்வதும் அவ்வாறே. இதற்கான வழிகள் எவை, தடைகள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரு துறைகள், ஒரே கடல்

1985ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று, 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் இயங்கி வருகிறது. பெருங்கடல் ஆய்வு மற்றும் கடல் உயிரியல் துறை, கடலோரப் பேரிடர் மேலாண்மைத் துறை ஆகிய இரண்டும் இங்கு உள்ளன. இவ்விரு துறைகளின் பாடப்பொருளும் ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்குவதில்லை.

லிட்டில் அந்தமான் கடற்கரையில் முட்டையிட வரும் பேராமைகளுக்கு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்திக் கண்காணித்தபோது, அவற்றுள் சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கடற்பகுதிக்கும், சில ஆப்பிரிக்கக் கரையை நோக்கியும் நீந்திச் சென்றது தெரியவந்தது. அந்த ஆமைகளைப் பற்றி முழுமையாக அறிய விரும்பும் மாணவர், பிற நாட்டு ஆய்வாளர்களுடன் இணைந்தே பணியாற்ற வேண்டும்.

பேரிடர் மேலாண்மைக்கும் இது பொருந்தும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை ஒட்டிய கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஆழிப்பேரலையாக எழுந்து 14 நாடுகளில் இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஆச்சேயும் நிக்கோபாரும் ஒரே காலையில் சிதைந்தன. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. பேரழிவுக்குப் பின் பண்டா ஆச்சேயின் சியா குவாலா பல்கலைக்கழகத்தில் ஆழிப்பேரலை மற்றும் பேரிடர் தணிப்பு ஆய்வு மையம் உருவாக்கப்பட்டது. ஒரே அலையால் தாக்குண்ட இரு கரைகளின் மாணவர்கள், மீள்குடியேற்றம் எங்கு வெற்றி பெற்றது, எங்குத் தவறியது என ஒப்பிட்டுக் கற்பது ஏட்டுக் கல்வியைத் தாண்டிய பயன் தரும். அடுத்த அலை வரும்போது கரையோர மக்களைக் காக்கும் பொறுப்பு இம்மாணவர்களுள் பலருடையதாகவே இருக்கும்.

பரிமாற்றம் என்பது என்ன?

வெளிநாட்டில் முழுப் பட்டமும் பெறுவது வேறு, பரிமாற்றம் வேறு. தாய் நிறுவனத்தில் மாணவராக இருந்துகொண்டே ஒரு பருவத்தையோ சில வாரங்களையோ பிற நாட்டில் பயின்று, அந்தக் கல்வியைத் தம் பட்டத்தில் சேர்த்துக்கொள்வதே பரிமாற்றம்.

இதற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் வெளியிட்டது. அவை மூன்று வகைகளைக் குறிப்பிடுகின்றன. இரட்டையாக்கப் படிப்பில் மாணவர் பெறும் மொத்தக் கிரெடிட்டுகளில் 30 விழுக்காட்டுக்கு மிகாமல் வெளிநாட்டில் பெறலாம். பட்டத்தை இந்திய நிறுவனமே வழங்கும். எடுத்துக்காட்டாக, 80 கிரெடிட்டுகள் கொண்ட முதுநிலைப் படிப்பில் 24 வரை வெளிநாட்டில் பெற முடியும். கூட்டுப் பட்டத்தில் ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது 30 விழுக்காடு பயில வேண்டும்; இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரே பட்டம் வழங்கும். இரு பட்டத் திட்டத்தில் இரு நிறுவனங்களும் தனித்தனியே பட்டம் வழங்கும்.

தேசியத் தர மதிப்பீட்டில் 3.01 புள்ளிகள் பெற்றவை, தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் 100 இடங்களுக்குள் வந்தவை, சிறப்புநிலை நிறுவனங்கள் ஆகியவை உலகத் தரவரிசையில் முதல் 1,000 இடங்களில் உள்ள வெளிநாட்டு நிறுவனங்களுடன் முன் அனுமதியின்றி இணையலாம். அண்டை நாடுகளின் கடலோர நகரங்களில் உள்ள பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்த 1,000 இடங்களுக்குள் வருவதில்லை என்பதே தீவுகளுக்கு உள்ள இடர்ப்பாடு. நிலவியலால் மிகப் பொருத்தமான துணை, தரவரிசையால் விலகி நிற்கக்கூடும்.

எனினும் இவ்விதிமுறைகள் பட்டப்படிப்புகளைப் பற்றியவை. சில வாரக் களப்பயிற்சி, கோடைக்காலப் பயிலரங்கு, இணையவழிக் கூட்டு வகுப்பு போன்றவற்றை நிறுவனங்களுக்கிடையிலான புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் வழியாகவே தொடங்க இயலும். சிறிய வளாகத்துக்கு இதுவே முதற்படியாக அமையும்.

வருவோருக்கான விதிகள்

வெளிநாட்டு மாணவர்களுக்காக, அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 25 விழுக்காடு வரை கூடுதல் இடங்களை உருவாக்கிக்கொள்ள மானியக் குழு 2022இல் வழிவகுத்தது. இதனால் உள்நாட்டு மாணவர்களின் இடங்கள் குறைவதில்லை. 1950இல் தொடங்கப்பட்ட இந்தியக் கலாசார உறவுகளுக்கான கவுன்சில் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது.

அந்தமானுக்கு மட்டும் சில கூடுதல் விதிகள் உண்டு. 1963ஆம் ஆண்டு ஆணை இத்தீவுகளை வெளிநாட்டவருக்குக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவித்தது. 2018இல் 30 தீவுகளுக்கு இதிலிருந்து தளர்வு அளிக்கப்பட்டது. ஆனால் அத்தளர்வு அனைத்து நாட்டினருக்கும் உரியதன்று. பழங்குடியினர் காப்புப் பகுதிகளுக்குள் செல்வதற்கு 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி தனி அனுமதி தேவை. ஜாரவா, சென்டினல் மக்களின் உயிரும் வாழ்வும் சார்ந்த இவ்விதியில் கல்விக்கென விலக்குக் கோருவது முறையாகாது. இங்குள்ள உயிரினங்களை ஆராய விரும்பும் வெளிநாட்டவர், 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்படி சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பதால், ஆறு வார வருகைக்கும் பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடுதல் நலம்.

செல்வோருக்கான வழிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் முதுநிலை மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் பயில்வார். உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு மாதம் 1,400 யூரோ கிடைக்கும். கடல் உயிர் வளங்கள் குறித்த படிப்பும் இத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெறப்படுகின்றன. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் தேவை என்பதால், படிப்பை முடித்தவுடன் அதற்கு விண்ணப்பிக்க இயலாது.

நிக்கோபாரி மாணவர்கள் கவனிக்க வேண்டிய திட்டம் ஒன்று உண்டு. பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலை, முனைவர் படிப்புகளை மேற்கொள்ள மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுக்கு 20 பேருக்கு உதவித்தொகை வழங்குகிறது. நாடு முழுவதற்கும் 20 இடங்களே என்பதால் போட்டி கடுமையானது; திட்டத்தை அறியாமலே வாய்ப்பை இழப்போரும் உண்டு.

தொலைவு என்னும் செலவு

தீவு மாணவருக்கு வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் சென்னையிலோ கொல்கத்தாவிலோதான் தொடங்குகிறது. பல நாடுகளின் விசாவுக்குக் கைரேகை பதிக்கவே கடல் கடந்து செல்ல நேர்கிறது. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பயணச் செலவும் வீண். உதவித்தொகை அறிவிப்புகளில் இச்செலவு பொதுவாக இடம்பெறுவதில்லை. பல்கலைக்கழகம் அல்லது தீவு நிர்வாகம் இதற்கெனச் சிறு பயண நிதியை ஒதுக்கினால், வசதி குறைந்த குடும்பத்து மாணவரும் விண்ணப்பிக்கத் துணிவார்.

தொலைவு குறைந்து வருவதற்கான அறிகுறிகளும் உள்ளன. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையைத் தீவுகளுடன் இணைக்கும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த தீவுகளில் இணையவழிக் கூட்டு வகுப்பு நடைமுறைக்கு வராத கனவாகவே இருந்தது. இப்போது அது இயலக்கூடியது. இங்குக் காலை 10 மணி என்றால் ஆச்சேயிலும் புக்கெட்டிலும் 11.30 மணி, ஒரே வகுப்பில் மூன்று கரைகளின் மாணவர்கள் அமர நேர வேறுபாடு தடையாக இராது. 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானச் சேவையும் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2018 மே மாதம் இந்தியாவும் இந்தோனேசியாவும் வெளியிட்ட கடல்சார் ஒத்துழைப்பு ஆவணம் அந்தமானுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலான இணைப்பை வலியுறுத்தியது. அதன் பேச்சு பெரும்பாலும் வணிகம், சுற்றுலா பற்றியதாகவே இருந்து வருகிறது. மாணவர்களும் அந்த இணைப்பின் பகுதியாக வேண்டும்.

மாணவர் செய்ய வேண்டியது

முதல் பருவத்திலேயே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தல், வெளிநாட்டில் பயிலும் பாடம் தம் பட்டத்தில் எவ்வாறு சேர்க்கப்படும் என்பதைத் துறையிடம் எழுத்துப்பூர்வமாகப் பெறுதல், ஆங்கிலத் தேர்வுக்கான மையம் எங்குள்ளது என முன்கூட்டியே அறிதல் ஆகியவை அடிப்படை. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் பன்னாட்டு மாணவர் அலுவலகம் அமைய வேண்டும் எனத் தேசியக் கல்விக் கொள்கை 2020 கூறுகிறது. புதுச்சேரித் தாய் வளாகத்தில் வெளியாகும் அறிவிப்பு தீவு வளாகத்தின் மாணவருக்கும் அதே நாளில் எட்டுகிறதா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது மாணவரின் உரிமை. கடைசி நாள் கடந்த பின் கிடைக்கும் தகவலால் எவருக்கும் பயன் இல்லை.