மொட்டை மாடியில் ஒரு வகுப்பு

தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் நமது பாடசாலைகளில் கட்டுரை மனனம் தொடங்கிவிடும். ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். பிள்ளை கமா பிசகாமல் ஒப்புவிக்கும். சில வேளை பரிசும் கிடைக்கும். எழுதத்தான் வராது.

இலங்கையின் புல்மோட்டையில் இருந்துகொண்டு பெருமாள்முருகனை நினைக்க இதுதான் காரணம். கவிஞர், நாவலாசிரியர் என்று உலகம் அறிந்த அவர், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்துச் சம்பளம் வாங்கியவர். அமெரிக்காவின் அயோவாவில் 1936இலேயே எழுத்துக்கென்று பட்டறை வந்துவிட்டது. நாமக்கல்லில் இருந்தது அவர் வீட்டு மொட்டை மாடிதான். மாணவர்களும் நண்பர்களும் அங்கே கூடி, வாசித்ததைப் பேசினார்கள். அதற்குப் பெயர் ‘கூடு’.

அவர் மாணவர்களில் பலர் குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர்களையும் நண்பர்களையும் சாதி பற்றி எழுதச் சொன்னார். கொள்கை வேண்டாம், உனக்கு நடந்ததை எழுது என்பதுதான் கணக்கு. 32 பேரின் கட்டுரைகள் 2013இல் ‘சாதியும் நானும்’ என்று காலச்சுவடு வெளியீடாக வந்தன. பின்னர் எழுத்தாளர் அம்பை அவற்றை ஆங்கிலமாக்கினார். சாதி பார்த்துச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த கோப்பியே அந்த ஆங்கில நூலின் தலைப்பானது. மனனம் செய்த கட்டுரையில் அந்தச் சிரட்டை வந்திருக்குமா?

இப்படி எழுதவைக்க, பிள்ளையின் பேச்சை மதிக்கும் ஆள் வேண்டும். கொங்கு வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டவர் அவர். மாணவர் எழுதிய ஊர்ச்சொல்லைச் சிவப்புப் பேனாவால் வெட்ட அந்தக் கைக்கு மனம் வந்திராது என்றே நினைக்கிறேன்.

பயமும் போக வேண்டும். பயத்தின் விலை அவருக்குத் தெரியும். அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பில், 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். நாமக்கல்லை விட்டுச் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மீண்டு வந்தபோது கையில் இருந்தவை கவிதைகள்.

எழுத நமக்கு விஷயத்துக்கா பஞ்சம்? கொக்கிளாய்க் களப்பு, கரைவலை வாடிகள், கனிய மணல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் வாப்பாமார். 2009இல், போரின் இறுதியில், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் கொண்டுவந்த காயக்காரர்கள் இங்கேயும் இறக்கப்பட்டார்கள். இந்திய மருத்துவக் குழு இங்கே தற்காலிக ஆஸ்பத்திரி நடத்தியது. அதைப் பார்த்த 10 வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது 25 தாண்டியிருக்கும். மாடி இல்லாவிட்டால் திண்ணை போதும். முதல் கட்டுரையை அவர்களிடம் கேட்கலாம்.