ஒரு முகம், நான்கு வண்ணம்

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 'அமிகா' என்னும் புதிய கம்ப்யூட்டரின் அறிமுக விழா. பாடகி டெபி ஹாரியின் முகம் திரையில் தெரிகிறது. மேடையில் அமர்ந்திருந்த ஓவியர் ஆண்டி வார்ஹால் மௌஸை நகர்த்தி அழுத்துகிறார். தொட்ட இடத்தில் வண்ணம் பரவுகிறது.

இந்த வேலை அவருக்குப் புதிதன்று. 1962இல் நடிகை மர்லின் மன்றோவின் ஒரே புகைப்படத்தை 50 முறை அச்சிட்டு, அவற்றுள் பாதியை வண்ணத்தில் அமைத்தவர் அவர். அது ஸ்கிரீன் பிரிண்டிங் முறை. துணிப்பைகளில் கடையின் பெயரை அச்சிடுகிறார்களே, அதே முறைதான். சட்டத்தில் கட்டிய வலையில் படம் அப்படியே இருக்கும். அடியில் பூசும் வண்ணத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் வண்ணத்தை ஊற்றும்போதோ நிலைமை வேறு. அங்கே படம் என்பது எண்களின் கூட்டம். கறுப்பு வெள்ளைப் படமானால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். முழுக் கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 255; சாம்பல் நிறங்கள் இடையில். வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று புள்ளிக்கு மூன்று எண்கள். வண்ணம் ஊற்றினால் பழைய எண் அழிந்து, புதிய எண் அந்த இடத்தில் அமர்ந்துவிடும்.

அதனால் என்ன நஷ்டம்? என் தாத்தாவின் பழைய படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சட்டையின் எண் 230, அதில் விழுந்த மடிப்பின் எண் 180 என்று வையுங்கள். படம் மங்கலாக இருக்கிறதே என்று எல்லாப் புள்ளிகளுக்கும் 100 கூட்டுகிறோம். 330, 280 என்று வரவேண்டும். ஆனால் 255க்கு மேல் இடமில்லையே! இரண்டும் 255 ஆகிவிடும். அப்படியே சேமித்துவிட்டு, மறுநாள் 100 கழித்தால்? இரண்டும் 155. மடிப்பு போயே போய்விட்டது!

1996இல் வெளிவந்த போட்டோஷாப் 4ஆம் பதிப்பில் இதற்கு ஒரு வழி பிறந்தது. அதன் பெயர் 'அட்ஜஸ்ட்மென்ட் லேயர்'. லேயர் என்றால் அடுக்கு. படத்தின்மேல் வண்ணக் கண்ணாடித்தாளை விரிப்பது போல என்று இதை விளக்குவார்கள். எனக்கு அந்த உவமையில் அவ்வளவு திருப்தி இல்லை. இந்த அடுக்கில் நிறமே கிடையாது. ஒரு விதி மட்டும் இருக்கிறது. 'கீழே உள்ள எண்ணோடு 100 கூட்டிக் காட்டு' என்பது போன்ற விதி. நாம் திரையில் காண்பது விடையை. 230உம் 180உம் கீழே பத்திரமாக இருக்கும். அடுக்கை நீக்கினால் மடிப்பு திரும்பி வந்துவிடும்.

சரி, வார்ஹாலைப் போல நாமும் ஒரு பலவண்ணப் படம் செய்வோமா? நண்பர் ஒருவரின் படத்தை நான்கு பிரதி எடுத்து, இரண்டிரண்டாகச் சதுரமாக அடுக்குங்கள். ஒவ்வொன்றின் மேலும் 'கிரேடியன்ட் மேப்' என்ற அடுக்கை வையுங்கள். இதன் விதி, சாம்பலை நிறமாக்குவது. கருமைக்குக் கருநீலமும் (0, 0, 128), வெண்மைக்கு மஞ்சளும் (255, 255, 0) கொடுத்தால், நடுவிலுள்ள 128ஆம் சாம்பலுக்கு என்ன கிடைக்கும்? ஏறத்தாழ 128, 128, 64. ஒருவகைப் பாசி நிறம். அடுத்த படத்துக்கு வேறு இரண்டு நிறங்கள்.

இங்கேதான் பலரும் திகைப்பார்கள். ஓர் அடுக்கின் விதி, அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும் பிடிக்கும். ஆகவே உச்சியில் இருக்கும் விதி நான்கு முகங்களுக்கும் ஒரே நிறத்தைப் பூசிவிடும்! ஆல்ட் விசையை அழுத்தியபடி, அந்த அடுக்குக்கும் அதன் படத்துக்கும் இடையிலுள்ள கோட்டைச் சொடுக்குங்கள். விதி அந்த ஒரு படத்தோடு கட்டுப்பட்டுவிடும். அடுக்கோடு ஒட்டி வரும் வெள்ளைக் கட்டத்துக்கு 'மாஸ்க்' என்று பெயர். அதில் கறுப்புத் தீட்டிய இடத்தில் விதி செல்லாது. உதட்டை மட்டும் பழைய நிறத்தில் விட வேண்டுமா? உதட்டின் மேல் கறுப்புத் தீட்டுங்கள், போதும்.

சேமிக்கும்போது கவனம் தேவை. ஜேபெக் கோப்பில் அடுக்குகளுக்கு இடமில்லை. விதிகளெல்லாம் கணக்கிடப்பட்டு, விடைகள் மட்டுமே அதில் எழுதப்படும். பிஎஸ்டி கோப்பாகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தாத்தாவின் படத்தை வெளிச்சமாக்கி, பழைய பெயரிலேயே ஜேபெக்காகச் சேமித்துவிட்டேன். அட்டையில் ஒட்டியிருந்த அச்சுப் படத்தையோ அதற்கு முன்பே கரையான் அரித்துவிட்டது. அந்தச் சட்டையில் இப்போது மடிப்பே இல்லை.