எதிர் வெளிச்சம் ஏன் கூசுகிறது?

இருட்டிய பிறகு தொழுதூரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பித் திட்டக்குடிக்குக் காரில் வந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். பகலெல்லாம் முகப்புக் கண்ணாடி சுத்தமாகத்தான் தெரிந்தது. எதிரே ஒரு லாரி வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்ததும், கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடுகிறது. முன்னால் பின்விளக்கின்றிப் போய்க்கொண்டிருந்த கரும்பு டிராக்டர் அந்த வெண்மையில் மறைந்துபோகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். கூசிய கண் தெளிய மூன்றே வினாடி ஆனாலும், 50 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே கடந்திருக்கிறோம்!

லாரிக்காரரை நாம் திட்டுகிறோம். ஆனால் குற்றத்தில் ஒரு பங்கு நம் கண்ணாடியின் மேல் படிந்துள்ள தூசிக்கும் உண்டு.

கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாலைத் தூசியின் துகள்களோ பல மைக்ரான் பருமன் உள்ளவை. அலைநீளத்தைவிடப் பெரிய துகளின் மேல் ஒளி பட்டால், சிதறும் ஒளியின் பெரும்பகுதி, அது வந்துகொண்டிருந்த திசையை ஒட்டியே முன்னோக்கிச் செல்லும். சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும்போது கண்ணாடி சுத்தமாகத் தெரிவது இதனால்தான். எதிரிலிருந்து விளக்கு அடிக்கும்போது சிதறும் ஒளி நம் கண்ணை நோக்கியே வருகிறது. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி விளக்காகிவிடுகிறது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் முகப்பவுடரை மிக இலேசாகத் தூவுங்கள். இருட்டறையில், உங்கள் பக்கமிருந்து டார்ச் அடித்து அதன் வழியே பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, சற்றே ஓரமாக நின்று, நண்பரை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். வேறுபாடு சட்டென்று விளங்கும்.

ஹெட்லைட்டின் மேல் படியும் அழுக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாலையின் மேல் விழவேண்டிய ஒளியில் ஒரு பகுதியை அது மேலேயும் பக்கத்திலும் சிதறடிக்கிறது. டிம் போட்டிருந்தாலும் எதிரே வருபவர் கண்ணில் ஒளி பாயும். அழுக்கு விளக்கினால் நமக்கு இருட்டு, அவருக்குக் கூச்சம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்கு ஓர் அளவே வைத்திருக்கின்றன: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்புறமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அந்த ஒளி கூசச் செய்யலாகாது. நம் ஊரில் ஹெட்லைட்டின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கம் உண்டு. அது வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, அழுக்கினால் உண்டாகும் சிதறலை நிறுத்தாது.

சரி, துடைத்துவிட்டால் போயிற்று என்று வைப்பரைப் போடுகிறோம். அங்கேதான் தவறு நேர்கிறது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலை அறிந்தவர்களுக்கு மண்ணின் குணம் தெரியும். களிமண்ணைக் கையாலேயே பிசையலாம்; அதனுடன் சேர்க்கும் குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லை அரைக்க ஆலை வேண்டும். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் களிமண் கனிமமான கயோலின் 2 அல்லது 2.5, கண்ணாடி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் 7. சாலைத் தூசியில் இரண்டும் கலந்திருக்கும். உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால், களிமண் தீற்றிக்கொள்ளும். குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். தூசியைக் கழுவி நீக்கலாம், கீறலை நீக்க முடியுமா? அதன் பிறகு எதிர் வெளிச்சம் வரும்போதெல்லாம் வைப்பர் ஓடிய தடம் வில் வில்லாக ஒளிரும்.

அதனால் முதலில் தண்ணீர், பிறகு துடைப்பு. அமெரிக்காவின் மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை பெற்ற வைப்பரை, உள்ளிருந்து கையால் நெம்புகோலை இழுத்து ஓட்டவேண்டும். தண்ணீர் பீய்ச்சும் வாஷர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. பனியும் உப்புச் சேறும் தெறிக்கும் ஸ்வீடனில், சாப் நிறுவனம் 1970இல் ஹெட்லைட்டுக்கே வைப்பர் வைத்தது. விளக்கின் முகம் கண்ணாடியிலிருந்து பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு மாறிய பின், அது எளிதில் கீறும் என்பதால், வேகமாக நீரைப் பீய்ச்சும் முறை பரவியது. 2,000 லூமனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் கொண்ட டிம் விளக்குகளுக்கு இத்தகைய கழுவி இருந்தாகவேண்டும் என்று ஐ.நா. வாகன ஒழுங்குமுறை 48 வகுத்தது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் நம் சாலையில் அது படுத்தும் பாடு வேறு. நண்பர் ஒருவர் அத்தகைய கார் வைத்திருக்கிறார். விளக்கு எரியும்போது கண்ணாடியைக் கழுவ விசையை இழுத்தால், ஹெட்லைட்டுக்கும் சேர்ந்தே தண்ணீர் பாயும்; இரண்டுக்கும் தொட்டி ஒன்றே. மழைக்கால மாலையில் பெரம்பலூரிலிருந்து வந்த அவர், கண்ணாடியில் அப்பிய ஈசலைக் கழுவக் கழுவ, தொழுதூருக்குள் தொட்டி காலி. வைப்பர் ஈசலின் கொழுப்பை வெண்ணெய்போல் கண்ணாடி முழுக்கப் பூசிவிட்டது.

சில கார்களில் ஹெட்லைட் கழுவிக்குத் தனி ஃபியூஸ் உண்டு. மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டால் நீர் மிச்சமாகும். அப்புறம் விளக்கைக் கையால் கழுவும் வேலை நம்முடையது. தண்ணீரை மிச்சப்படுத்த, ஓடும்போது விளக்கை அணைத்துவிட்டு வாஷரை இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது.

தொட்டியில் எந்த நீரை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீர். அதில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், எஞ்சின் சூட்டில் நீர் ஆவியாகும்போது கார்பனேட்டாக மாறிப் பீச்சுத் துளையை அடைத்துவிடும். கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகள் விழும். பிடித்து வைத்த மழைநீரோ, பேட்டரிக்கு வாங்கும் வடிநீரோ நல்லது. ஒரு லிட்டருக்குச் சில சொட்டு ஷாம்பு போதும். அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து எண்ணெய்ப் பசையை இளக்கும். கூடினால் சோப்பே ஒரு படலமாகப் படிந்து கூசும். அடைத்த துளையை மெல்லிய குண்டூசியால் குத்தி, வினிகரைத் தொட்டு வைத்தால் சுண்ணாம்பு கரையும். வெயிலில் இறுகி வெடித்த வைப்பர் ரப்பரை மாற்றிவிடுங்கள். கண்ணாடியின் உட்புறத்தையும் மறக்கவேண்டாம். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி அங்கே மெல்லிய பசையாகப் படிகிறது. எந்த வாஷரும் அதைத் தொடாது.

நண்பர் அன்று என்ன செய்தார்? தொழுதூரில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கினார். முதலில் கண்ணாடியை ஊறவைத்தார். ஒரு டீ குடித்தார். பிறகு பழைய வேட்டித் துணியை நனைத்துக் கண்ணாடியையும் இரண்டு விளக்குகளையும் துடைத்தார். மிச்சத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டு திட்டக்குடிக்குக் கிளம்பினார்.