பாதிச் சத்தம் 5 சதவீதத்தினருடையது

ஜெர்மனியில் 2024ஆம் ஆண்டு காவல்துறை பதிவு செய்த இணைய வெறுப்புப் பதிவுக் குற்றங்கள் 10,732. 2023இல் இவை 8,011. ஓராண்டில் 34 சதவீத உயர்வு. புகார் செய்ய முன்வருவோர் கூடியது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உள்நாட்டு உளவு அமைப்பு தனியாக எடுக்கும் கணக்கும் அதே திசையில்தான் போகிறது: வலதுசாரித் தீவிரவாதிகளின் எண்ணிக்கை 40,600இலிருந்து 50,250 ஆனது. உயர்வு 23.8 சதவீதம். இவர்களில் 15,300 பேர், அதாவது 10 பேரில் 3 பேர், வன்முறை நாட்டம் கொண்டவர்கள் என்பது அந்த அமைப்பின் மதிப்பீடு.

இணையத்தில் வெறுப்பைப் பரப்பும் கூட்டம் தன் அளவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. முகநூலின் ஜெர்மன் செய்திப் பக்கங்களை 2018இல் ஆராய்ந்த ஐ.எஸ்.டி. என்ற ஆய்வு நிறுவனம், வெறுப்புக் கருத்துகள் பெற்ற லைக்குகளில் 50 சதவீதம் வெறும் 5 சதவீதக் கணக்குகளிலிருந்து வந்ததைக் கண்டது. 1 சதவீதக் கணக்குகள் மட்டுமே 25 சதவீத லைக்குகளைப் போட்டிருந்தன. 100 கணக்குகள், 100 லைக்குகள் என்று வைத்துக்கொண்டால் முதல் 5 கணக்குகளுக்குச் சராசரி 10 லைக். மீதி 95 கணக்குகளுக்கு 0.53. வேறுபாடு 19 மடங்கு. லைக் எண்ணிக்கையைப் பார்த்து ஊரே இப்படித்தான் நினைக்கிறது என்று முடிவுகட்டினால் கணக்குத் தவறிவிடும்.

அந்தத் தவறான முடிவுக்கு விலை உண்டு. 2024 பிப்ரவரியில் ஜெர்மனியில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 16 வயதுக்கு மேற்பட்ட 3,000க்கும் அதிகமான இணையப் பயனர்களிடம் கேட்டார்கள். அச்சத்தால் அரசியல் கருத்தை முன்பைவிடக் குறைவாகவே வெளியிடுவதாக 57 சதவீதத்தினர் சொன்னார்கள். விவாதங்களில் பங்கேற்பதைக் குறைத்துக்கொண்டவர்கள் 55 சதவீதம். எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது இந்த 57தான். 5 சதவீதம் பேர் சத்தம் போடுவதைவிட, பாதிக்கு மேற்பட்டோர் வாய்மூடுவது பெரிய இழப்பு.

சட்டம் என்ன செய்தது? 2018 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சட்டம், வெளிப்படையாகச் சட்டவிரோதமான பதிவை 24 மணி நேரத்தில் நீக்கச் சொன்னது. உச்ச அபராதம் 5 கோடி யூரோ. முதல் 6 மாதங்களில் இச்சட்டத்தின் கீழ் ட்விட்டருக்கு வந்த புகார்கள் 2,64,818. முகநூலில் புகாருக்கு உள்ளான பதிவுகள் 1,704. 155 மடங்கு வேறுபாடு. முகநூலில் வெறுப்பு குறைவு என்பதல்ல பொருள். புகார்ப் படிவத்தைக் கண்டுபிடிப்பதே கடினமாக இருந்தது. 2019 ஜூலையில் முகநூலுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 20 லட்சம் யூரோ, உச்ச வரம்பில் 4 சதவீதம்.

நீதிமன்றக் கணக்கு இன்னும் மெதுவானது. முன்னாள் அமைச்சர் ரெனாட்டே குனாஸ்ட் தன்னைக் குறித்த 22 முகநூல் இழிசொற்களை எழுதியவர்களின் விவரம் கேட்டு பெர்லின் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பரில் குற்றமென ஏற்கப்பட்டவை 0. 2020 ஜனவரியில் 6. மார்ச்சில் மேல்நீதிமன்றத்தில் மொத்தம் 12. மீதி 10க்காக அவர் அரசியல் சாசன நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்தது. அது முந்தைய தீர்ப்பை ரத்து செய்த பின், 2022 இலையுதிர் காலத்தில்தான் 22ம் ஏற்கப்பட்டன. வழக்கறிஞரும் பெயரும் உள்ள ஓர் அரசியல்வாதிக்கே 3 ஆண்டுகள்.

குடிமக்களின் கையில் மிஞ்சுவது பதில் சொல்வது. ஸ்வீடனில் 2016இல் மினா டென்னர்ட் தொடங்கிய முயற்சியைப் பின்பற்றி, அதே ஆண்டு டிசம்பரில் ஹான்னஸ் லே ஜெர்மனியில் ‘இஷ் பின் ஹியர்’ குழுவைத் தொடங்கினார். உறுப்பினர்கள் 40,000ஐத் தாண்டினர். வெறுப்பு குவியும் இடத்தில் நிதானமாக எழுதுவதும், ஒருவர் பதிலுக்கு மற்றவர் லைக் போட்டு அதை மேலே கொண்டுவருவதும் இவர்கள் வழி. 5 சதவீதத்தினர் பயன்படுத்தும் அதே பொறிமுறைதான்.

பலன் எவ்வளவு? சூரிச் ஆய்வாளர்கள் இனவெறிப் பதிவு எழுதிய 1,350 ட்விட்டர் பயனர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 3 வகைப் பதில்களைச் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. நகைச்சுவையும் எச்சரிக்கையும் நிலையான விளைவைத் தரவில்லை. இந்தச் சொல் பாதிக்கப்பட்டவர்களை எப்படி வலிக்கச் செய்கிறது என்று நினைவூட்டிய பதில்கள் மட்டும் வேலை செய்தன: பழைய பதிவை நீக்குவது 0.2 திட்ட விலக்கம் கூடியது. அடுத்த 4 வாரங்களில் புதிய வெறுப்புப் பதிவுகள் 0.1 திட்ட விலக்கம் குறைந்தன. சிறிய அளவுகள்தான். அளக்கப்பட்டவையும் ஆங்கிலக் கணக்குகளே. மற்ற மொழிகளில் இதே சோதனையைத் தனியாக நடத்தித்தான் பார்க்க வேண்டும்.