மலைக்கும் ஏரிக்கும் நடுவே

ஆஸ்திரியா தேசத்தின் ஆல்ப்ஸ் மலைப் பிரதேசத்திலே ஹால்ஸ்டாட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதில் வசிப்போர் 800 பேருக்கும் குறைவு. ஆயினும் சரித்திரத்தில் ஒரு காலத்துக்கே அதன் பெயர் வழங்குகிறது. மத்திய ஐரோப்பாவில் இரும்பின் உபயோகம் பரவிய கி.மு. 800 முதல் 450 வரையுள்ள காலத்தின் நாகரிகத்தை ஹால்ஸ்டாட் நாகரிகம் என்றே அறிஞர்கள் அழைக்கிறார்கள்.

அவ்வூருக்குப் போகும் வழியே ஒரு விநோதம். ரயில் நிலையம் ஏரியின் ஒரு கரையில்; ஊரோ எதிர்க் கரையில். ரயிலை விட்டு இறங்கியதும் படகில் ஏற வேண்டும். நாம் ஏரியின் நடுவே சென்றபோது, செங்குத்தான மலையின் அடிவாரத்தில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பவை போல வீடுகள் தென்பட்டன. 1890-ஆம் வருஷம் வரையில் இவ்வூருக்குச் சாலையே கிடையாது. படகை விட்டால் ஒற்றையடிப் பாதைதான்.

கரையில் இறங்கியதும் நம் கண்ணைக் கவர்ந்தவை பேரி மரங்கள். கிளைகளை வீட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டி, கொடியைப் போல் படர விட்டிருக்கிறார்கள். தோட்டம் போட நிலம் ஏது? சுவர்தான் தோட்டம்!

உப்பு மலை

இத்தனை நெருக்கடியான இடத்தில் மனிதர்கள் ஏன் குடியேறினார்கள்? உப்புக்காகத்தான். உப்பு என்றதும் நமக்குக் கடலும் வெயிலும் பாத்தியும் நினைவுக்கு வரும். இங்கே உப்பு மலையின் வயிற்றில் இருக்கிறது. சுமார் 7,000 வருஷங்களாக மனிதர்கள் அதைத் தேடி வந்திருக்கிறார்கள், இன்றும் எடுக்கிறார்கள்.

உப்பு எதையும் அழுக விடுவதில்லை அல்லவா? 1734-இல், பழங்காலத்தில் சுரங்கத்தில் அகப்பட்டு இறந்த ஒருவனுடைய உடல் உப்புக்குள்ளிருந்து கிடைத்தது. 2003-இல் ஒரு மரப் படிக்கட்டு அகப்பட்டது. மரத்தின் வருஷ வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அது மிகப் பழங்காலத்தில் வெட்டிய மரம் என்று தெரிய வந்தது. அந்தப் படிக்கட்டு அகப்படுவதற்கு முன்னரே, 1846-இல், ராம்ஸாவர் என்னும் சுரங்க அதிகாரி மலைமேல் புராதன மயானம் ஒன்றைக் கண்டார். 1863-க்குள் 980 சமாதிகளைத் தோண்டி, கண்டவற்றைச் சித்திரங்களாகவும் எழுதச் செய்தார். ஊரின் பெயர் உலகறிந்தது அவராலேதான்.

மலைக்குள் நீரைப் பாய்ச்சி, உப்பைக் கரைத்து, அந்த உப்பு நீரைக் காய்ச்சுவது வழக்கம். காய்ச்சக் காய்ச்ச விறகு போதவில்லை. ஆகவே உப்பு நீரை விறகுள்ள இடத்துக்கே அனுப்ப முடிவு செய்தார்கள். 1595 முதல் 1607 வரை பாடுபட்டு, சுமார் 13,000 மரங்களைக் குடைந்து குழாய்களாக்கி, எபென்ஸே என்ற ஊர் வரை 40 கிலோமீட்டர் தூரத்துக்குக் கொண்டு சென்றார்கள்.

மண்டையோட்டில் மலர்மாலை

மாதா கோயிலை அடுத்துள்ள மயானம் ஒரு கையகல நிலம். வாழ்வோருக்கே இடமில்லாத ஊரில் மாண்டோருக்கு எப்படி இடம் கிடைக்கும்? புதைத்துப் பத்துப் பதினைந்து வருஷங்கள் சென்றதும், குழியைத் தோண்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எடுத்த மண்டையோட்டை வெயிலிலும் நிலவிலும் உலர்த்தி வெளுக்கச் செய்து, இறந்தவரின் பெயரை அதில் எழுதுவார்கள். ரோஜா மலர்களையோ, இலை மாலையையோ வர்ணத்தில் தீட்டுவார்கள். பக்கத்துச் சிறு கோயிலில் 1,200-க்கு மேற்பட்ட மண்டையோடுகள் இருக்கின்றன. அவற்றில் 610 சித்திரம் தீட்டியவை. கடைசியாக ஒன்றை வைத்தது 1995-இல்.

உள்ளே போகுமுன் நமக்குச் சற்று அச்சமாகவே இருந்தது. போன பிறகு அச்சம் நீங்கிவிட்டது. உற்றார் உறவினர் பெயர் சொல்லி அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் பயத்துக்கு என்ன வேலை?

வாழ்வோருக்கு இடம் உண்டா?

1997-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இப்பிரதேசத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2012-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இவ்வூரைப் போலவே மற்றோர் ஊரைக் கட்டிவிட்டார்கள்! அசலைப் பார்க்க வரும் கூட்டமும் பெருகியது. கோடையில் சில நாட்களில் 10,000 பேர் வரை வந்துவிடுகிறார்கள். அநேகர் சில மணி நேரமே தங்கி, படம் பிடித்துக்கொண்டு, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். 2023 மே மாதத்தில், படம் பிடிப்போர் மொய்க்கும் இடத்தில் கிராமத்தார் மரவேலி வைத்து மலைக் காட்சியை மறைத்தனர். கண்டனம் எழவே அதை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஊர் ஜனங்களே திரண்டு சாலையை மறித்தார்கள்.

அவர்கள் விருந்தாளியை வெறுப்பவர்கள் அல்லர். விருந்தாளிகளால் ஊருக்கு வருமானமும் உண்டு. ஆனால் வாசலில் எந்நேரமும் கூட்டம் நின்றால் வீடு எப்படி வீடாக இருக்கும்? இறந்தவர்கள் இருப்பவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்த ஊர் இது. பார்க்கப் போகிறவர்களும் சற்று இடம் விட்டு நிற்பதுதான் மரியாதை.