நிறுவன வான்: வரி எங்கே வருகிறது?

பிரித்தானியாவில் பொய்லர், லிப்ட், குளிர்சாதனம் திருத்தும் பொறியியலாளர்களுக்குச் சம்பளத்துடன் வானும் கருவிகளும் கிடைப்பது வழமை. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அவற்றுக்கான வரியை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

வேலைக்கென்றே பாவிக்கும் கருவிகளுக்கும், நிறுவனம் தரும் ஒரு கைத்தொலைபேசிக்கும் வரி இல்லை. வானை வேலைக்கும், வேலைக்குப் போய்வரவும் மட்டும் பாவித்தால் அதற்கும் வரி இல்லை. வழியில் பல் வைத்தியரிடம் நின்று வருவதை வரித் திணைக்களம் பொருட்படுத்தாது. வாராவாரம் கடைச்சாமான் வாங்கப் போவதும் விடுமுறைப் பயணமும் அப்படியல்ல.

தனிப்பட்ட பாவனைக்கு ஒப்பந்தம் இடங்கொடுத்தால், குறைவாக ஓடினாலும் முழுத்தொகைதான். 2025/26 வரியாண்டில் 4,020 பவுண்கள் உங்கள் வருமானத்துடன் சேர்க்கப்படும். 20 வீத வரி கட்டுபவருக்கு இது ஆண்டுக்கு 804 பவுண்கள். சொந்த ஓட்டத்துக்கும் நிறுவனமே எரிபொருள் போட்டால் மேலும் 769 பவுண்கள் சேரும். மொத்த வரி ஏறத்தாழ 958 பவுண்கள். முழு மின்சார வானுக்கு இவை இல்லை.

வீட்டில் வேறு கார் இல்லாதவருக்கு இந்த வரி கட்டியும் இலாபமாக இருக்கலாம். வாசலில் ஏற்கெனவே கார் நின்றால், தனிப்பட்ட பாவனைக்குத் தடை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதினால் மட்டும் போதாது. அப்படியே நடக்கவும் வேண்டும்.